விக்கிப்பீடியா பயிலரங்கிற்குச் செல்லும் முன்

2003ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் பங்களிப்பாளர்கள் அவ்வப்போது நடத்தும் சந்திப்புகளுக்கும் பயிலரங்குகளுக்கும் முதன்முறையாகச் செல்வோர், பயனர் கணக்கை வீட்டிலேயே தொடங்கிவிட்டுக் கிளம்புவது நல்லது. ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) ஒரு நாளில் 6 கணக்குகளுக்கு மேல் தொடங்கப் பொதுவாக அனுமதியில்லை. அரங்கில் அனைவரும் ஒரே வைஃபையைப் பயன்படுத்தும்போது, ஏழாவது நபருக்குத் திரையில் மறுப்புச் செய்திதான் வரும். ஏற்பாட்டாளர்கள் முன்கூட்டியே விலக்குப் பெற முடியும் என்றாலும், அதை நம்பிச் செல்ல வேண்டியதில்லை.

தட்டச்சைப் பற்றிக் கவலை வேண்டாம். தமிழ்99 என்னும் தமிழ் விசைப்பலகை முறையும், ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழில் எழுதும் ஒலிபெயர்ப்பு முறையும் தளத்திலேயே கிடைக்கின்றன. எழுதப்போகும் பொருளுக்கான சான்றுகள்தாம் முக்கியம். உங்கள் ஊர் ஏரியைப் பற்றி எழுத விரும்பினால், அதைக் குறிப்பிடும் நூலின் பெயர், பதிப்பாண்டு, பக்க எண் ஆகியவற்றையும், முடிந்தால் அப்பக்கத்தின் ஒளிப்படத்தையும் கைப்பேசியில் வைத்திருங்கள். அருகில் அமரும் மூத்த பயனர், மேற்கோள் சேர்க்கும் முறையைச் சில நிமிடங்களில் காட்டிவிடுவார். தம்மைப் பற்றியோ தம் நிறுவனத்தைப் பற்றியோ எழுதும் ஆசையுடன் வருவோரும் உண்டு. அத்தகைய கட்டுரைகள் பெரும்பாலும் நீக்கப்படும் என்பதால், அந்த ஆசையை வீட்டிலேயே விட்டு வரலாம்.

அரங்கில் எடுக்கும் குழுப்படம், விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேமிக்கும் தளமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றப்பட்டால், உரிம நிபந்தனைகளுக்கு உட்பட்டு எவரும் அதைப் பயன்படுத்தலாம். அதில் இடம்பெற விரும்பாதவர்கள் படம் எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.