கார் வாரண்டி: கியர்பாக்ஸைப் பிரிக்கும் முன் ஒரு போன்

போன வருடம் பாயான் லெப்பாஸில் வேலை முடிந்து வரும்போது, பினாங்குப் பாலத்தின் நடுவில் கார் கியர் மாறாமல் குலுங்கியது. செகண்ட் ஹேண்ட் கார்தான், ஆனால் ஓராண்டு வாரண்டி இருந்தது. அந்தத் தைரியத்தில் பிறையில் எனக்குப் பழக்கமான பட்டறையில் விட்டேன். மறுநாள் மத்தியானத்துக்குள் கியர்பாக்ஸைப் பிரித்துவிட்டார்கள். அப்புறம்தான் வாரண்டி கம்பெனிக்குப் போன் செய்தேன். அவர்கள் ஆள் பார்க்கும் முன்பே பிரித்ததால் கிளெய்ம் இல்லை என்றார்கள். 3,800 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), தங்கையின் காலேஜ் பீஸுக்கு வைத்திருந்த பணம்.

அதனால் வரிசையை மாற்றிவிடாதீர்கள். கார் மக்கர் செய்தால் முதல் போன் வாரண்டி கம்பெனிக்கு. எந்தப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும், இழுவை லாரிக்கு யார் பணம் என்று கேளுங்கள். பட்டறை செலவுக் கணக்கை அனுப்பி, கம்பெனி ஒப்புதல் எண் தரும்வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒப்புதலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். பழுதைக் கண்டுபிடிக்கவே பிரித்துப் பார்க்க வேண்டும் என்றால், வாரண்டியில் சேராத பழுதாகப் போனால் அந்தக் கூலி உங்கள் தலையில்தான் விழும். அதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் 'எஞ்சின், கியர்பாக்ஸ்' என்று பெரிதாகப் போட்டிருக்கும். கீழே உள்ள பட்டியலைப் படியுங்கள். பல ஒப்பந்தங்களில் உள்ளே ஓடும் பாகங்களுக்கு மட்டும்தான் பணம்; ஆயில் சீல், ஹோஸ், மவுண்டிங் சேராது. பிரேக் பேட், டயர், வைப்பர் போலத் தேயும் சாமான்கள் பொதுவாக எதிலும் சேராது. ஒரு பழுதுக்கு உச்சவரம்பு 2,000 வெள்ளி என்றால், 3,800 வெள்ளி பில்லில் மீதி 1,800 நீங்கள்தான் கட்ட வேண்டும். கிராப் செயலியில் வாடகைக்கு ஓட்டுபவர்கள், வாரண்டி வாடகை ஓட்டத்துக்குச் செல்லுமா என்று கட்டாயம் பாருங்கள்.

எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறிய பிறகும் வீடுவரை ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். எஞ்சின் போனால், தெரிந்தே ஓட்டியதாகச் சொல்லித் தள்ளிவிடுவார்கள். சர்வீஸும் தவணை தவறக்கூடாது; ரசீதில் தேதி, கிலோமீட்டர், ஆயில் வகை மூன்றும் இருக்கட்டும்.

புதுக் கார் என்றால் அவசரப்பட்டு வாரண்டி நீட்டிப்பு வாங்க வேண்டாம். மலேசியக் கார் நிறுவனமான பெரோடுவா தருவது 5 ஆண்டு அல்லது 1,50,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. நீட்டிப்பு அதற்குப் பிறகு தொடங்குகிறதா என்று கேளுங்கள்.

கிளெய்மை மறுத்தால், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். நியாயமில்லை என்று தோன்றினால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் வேண்டாம். சம்பவம் நடந்த 3 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். ஒப்பந்தம், சர்வீஸ் ரசீதுகள், மறுப்புக் கடிதம் எல்லாவற்றிலும் நகல் எடுத்துக்கொண்டு போங்கள்.