சோதனை ஓட்டம் என்று சொல்லிவிட்டுக் கோப்பைத் திருத்திய ஸ்கிரிப்ட்

திறந்த மூலத் திட்டம் ஒன்றுக்குப் புதிதாக வந்த ஒருவர் அண்மையில் அனுப்பிய திருத்தத்தைப் படித்தபோது, சில ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய நிரலையே மறுபடி படிப்பது போலிருந்தது. வேலையைப் பல பிராசஸ்களுக்கு, அதாவது தனித்தனியே ஓடும் நிரல்களுக்கு, பங்கிடும் பைத்தானின் மல்டிபிராசசிங்கில் மெயின் காவல் வரியை (if __name__ == '__main__') விட்டுவிடுவது போன்ற பிழைகளை இங்கே பேசப்போவதில்லை. அவற்றைப் பிழைச்செய்தியே காட்டிக்கொடுத்துவிடும். வாய் திறக்காத பிழைதான் ஆபத்தானது.

குளோபல் மாறியை நம்புவது

நான் எழுதியது, மூலக் கோப்புகளின் தலைப்பில் உள்ள காப்புரிமை ஆண்டைத் திருத்தும் சிறு ஸ்கிரிப்ட். எழுதாமல் காட்ட மட்டும் செய்யும் சோதனை ஓட்டத்துக்கு ஒரு குளோபல் மாறி வைத்து, அதன் தொடக்க மதிப்பை ஃபால்ஸ் என்று கொடுத்திருந்தேன்; மெயின் பகுதி கட்டளை வரியைப் படித்து அதை ட்ரூ ஆக்கிவிட்டு, பூல் எனும் பிள்ளை பிராசஸ்களின் தொகுப்பு வழியாக வேலையைப் பங்கிடும். லினக்ஸில் அப்போது இயல்பாக இருந்த ஃபோர்க் முறையில், பெற்ற பிராசசின் நினைவகம் அப்படியே பிள்ளைக்கு வந்துவிடுவதால் எல்லாம் சரியாக நடந்தது. ஸ்பான் முறையிலோ பிள்ளை புதிய பைத்தானாகத் தொடங்கி, கோப்பை முதலிலிருந்து இம்போர்ட் செய்கிறது. மெயின் பகுதி அங்கே ஓடாது, மாறி ஃபால்ஸாகவே நிற்கும்.

மேக் வைத்திருந்த நண்பர் ஒருவர் சோதனை ஓட்டம் என்று நம்பி அதை இயக்கினார். கோப்புகள் அனைத்தும் திருத்தப்பட்டன. பிழைச்செய்தி ஒரு வரிகூட வரவில்லை. அவர் இன்னும் கமிட் செய்யாதிருந்த அரைகுறை வேலையோடு என் ஸ்கிரிப்டின் திருத்தங்களும் கலந்துவிட, அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்தெடுக்க ஒரு பிற்பகல் முழுவதும் போனது. எங்கள் தானியங்கிச் சோதனைகள் லினக்ஸில் மட்டுமே ஓடியதால் எல்லாம் பச்சையாகவே இருந்தன.

விண்டோஸில் எப்போதும் ஸ்பான்தான். மேக்கில் 2019இல் வந்த 3.8 பதிப்பிலிருந்து அதுவே இயல்பு. 2025இல் வந்த 3.14, லினக்ஸின் இயல்பையும், தனியே தொடங்கிய ஒரு சர்வர் பிராசசிலிருந்து பிள்ளைகளைப் பிரிக்கும் ஃபோர்க்சர்வருக்கு மாற்றிவிட்டது. அதிலும் மெயினில் மாற்றிய மதிப்பு பிள்ளைக்குப் போகாது. ஆகவே மதிப்பை ஃபங்ஷனுக்கு ஆர்கியுமென்டாகவே கொடுங்கள். ஒவ்வொரு முறையும் அனுப்ப முடியாத அளவுக்குப் பெரியதென்றால், பூலின் இனிஷியலைசர் வழியாகப் பிள்ளை ஒவ்வொன்றிலும் ஒரு முறை அமையுங்கள். லினக்ஸ் மட்டுமே கையில் இருந்தாலும், தொடக்க முறையை ஸ்பான் என்று மாற்றி ஓட்டினால் இந்தப் பிழை உடனே வெளிப்படும்.

ஃபோர்க்கை வலிந்து கேட்பது

மேலே சொன்ன பிழைக்குத் தொடக்க முறையை ஃபோர்க் என்றே கட்டாயமாக்கிவிடுவது: இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இந்த 'தீர்வு'தான். விண்டோஸில் ஃபோர்க்கே கிடையாது.

லாம்டாவை அனுப்புவது

லாம்டா என்ற பெயரில்லா ஃபங்ஷன் பிக்கிள் ஆகாது, அதாவது வேறு பிராசசுக்கு அனுப்பும்படி பைட்டுகளாக மாறாது. கோப்பின் மேல்மட்டத்தில் பெயர் வைத்து எழுதுங்கள்.

க்யூவைக் காலி செய்யுமுன் ஜாயின் செய்வது

பிள்ளை தரவைத் திருப்பி அனுப்பும் வரிசைதான் க்யூ; பிள்ளை முடியும்வரை காத்திருப்பது ஜாயின். தரவு சிறிதாக இருக்கும்வரை ஓடும். தரவு செல்லும் பைப் நிரம்பிய அன்று அசையாமல் நின்றுவிடும்.

கோர் எண்ணிக்கையை அப்படியே கொடுப்பது

விண்டோஸில், பூலைப் போன்ற மற்றொரு பைத்தான் வசதியான பிராசஸ்பூல்எக்ஸிகியூட்டருக்கு 61 பிராசஸ்கள்தான் உச்சவரம்பு; 64 கோர் உள்ள கணினியில் அந்த எண்ணைக் கொடுத்தால் வேல்யூஎரர் வரும். இரண்டில் சிறியதை எடுத்துக்கொள்ள ஒரு வரி போதும்.