பழைய டீசல் கேம்பர் வேனில் ஆர்பிஎம் மீட்டர்: எங்கெல்லாம் தவறு நடக்கிறது

பெட்ரோல் வண்டியில் கழற்றிய ஆர்பிஎம் மீட்டரை, அதாவது என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று காட்டும் கருவியை, அப்படியே டீசல் வேனில் மாட்டிப் பார்ப்பதுதான் முதல் தவறு. பெட்ரோல் என்ஜினில் மீட்டருக்கு மின் துடிப்பு வருவது இக்னிஷன் காயிலிலிருந்து. நாலு சிலிண்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 2 துடிப்பு. டீசலில் காயிலே கிடையாது. பழைய டீசல்களில் துடிப்பை எடுக்கும் வழக்கமான இடம், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் ‘டபிள்யூ’ முனை. அதாவது மீட்டர் என்ஜினை எண்ணுவதில்லை, ஆல்டர்னேட்டர் சுற்றுவதை எண்ணி என்ஜின் வேகத்தைக் கணக்கிட்டுச் சொல்கிறது. கீழே வரும் கோளாறுகளில் பாதி, இதை மறப்பதால் வருபவை.

வாங்கும்போது ‘ஆல்டர்னேட்டர் சிக்னல்’ எடுக்கும் மீட்டரா, அளவைத் திருத்த பின்புறம் சுவிட்சோ திருகோ இருக்கிறதா என்று பாருங்கள். 8000 வரை எண் போட்ட முகப்பு வேண்டாம். ஃபோக்ஸ்வேகன் டி3 வேனின் 1.6 லிட்டர் டீசல் 4200 ஆர்பிஎம்மிலேயே முழு சக்தியைக் கொடுத்துவிடும், டர்போ வந்தது 4500-இல். முள் பாதித் தட்டிலேயே நின்றுகொண்டிருந்தால் 200 ஆர்பிஎம் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 5000 அல்லது 6000 வரை உள்ளது போதும்.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கேம்பர் வேனில் அது போதாது. படுக்கைப் பகுதி விளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் இன்னொரு பேட்டரி (‘வீட்டு பேட்டரி’) இருக்கும். கூரையில் சோலார் பேனலும் இருக்கலாம். இரண்டு பேட்டரியையும் இணைக்கும் ரிலே, மின்னழுத்தம் ஏறியதும் தானாக மூடும் வகையாக இருந்தால், என்ஜினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியைக் கழற்றிய பிறகும் ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் போல்ட்டில் (பேட்டரிக்குத் தடித்த வயர் போகும் முனை) மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். ஸ்பேனர் அந்த போல்ட்டையும் பாடியையும் ஒருசேரத் தொட்டால் ஸ்பேனரே சிவந்துவிடும். சோலாரை முதலில் துண்டித்து, பிறகு இரண்டு நெகட்டிவையும் கழற்றி, பி பிளஸ்ஸில் மல்டிமீட்டர் வைத்து சுழியம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டே கை வையுங்கள்.

அடுத்தது முனையை மாற்றிப் போடுவது. தடித்த வயர் போவது பி பிளஸ். சார்ஜ் விளக்குக்குப் போகும் மெல்லிய வயர் டி பிளஸ். டபிள்யூ முனை பெரும்பாலும் வயர் எதுவும் இல்லாமல் காலியாகக் கிடக்கும். டி பிளஸ்ஸில் மீட்டரைக் கொடுத்தால் அங்கே இருப்பது நேர் மின்சாரம். எண்ணுவதற்குத் துடிப்பு கிடைக்காது. சந்தேகம் இருந்தால் எல்லாவற்றையும் மறுபடி இணைத்து, என்ஜினை ஓடவிட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து முனைக்கும் பாடிக்கும் நடுவே அளந்து பாருங்கள். 7 வோல்ட் அளவில், அதாவது சார்ஜிங் மின்னழுத்தத்தில் பாதி வந்தால் அது டபிள்யூ. 14 வந்தால் அது வேறு முனை. எக்காரணம் கொண்டும் பி பிளஸ் வயரைக் கழற்றிவிட்டு என்ஜினை ஓட்டக் கூடாது. ரெகுலேட்டரும் டயோடும் போய்விடும்.

டபிள்யூ முனையே இல்லாத ஆல்டர்னேட்டர்களும் உண்டு. பின்மூடியைத் திறந்தால் ஸ்டேட்டரிலிருந்து (சுற்றாமல் நிற்கும் சுருள்) டயோடு தட்டுக்கு மூன்று வயர்கள் வருவது தெரியும். அதில் ஏதாவது ஒன்றில் வயர் பற்றவைத்தால் அதுவே டபிள்யூ. இங்கே சின்ன சோல்டரிங் அயர்ன் உதவாது. தடித்த செம்பு சூட்டை இழுத்துக்கொள்ளும், ஈயம் மேலோடு ஒட்டியது போல் இருந்துவிட்டு டீசல் என்ஜின் ஆட்டத்தில் ஒரு நாள் கழன்றுவிடும். 80 வாட்டுக்குக் குறையாத அயர்ன் எடுத்து, சட்டென்று சூடாக்கி, சட்டென்று விலகுங்கள்; அதிக நேரம் வைத்தால் டயோடு கெடும். வயர் வெளியே வரும் துளைக்கு ரப்பர் வளையம் கட்டாயம். இந்த வயர் உரசிப் பாடியைத் தொட்டால் ஒரு ஃபேஸ் முழுவதும் எர்த் ஆகி டயோடு எரியும். மீட்டர் வேலை செய்யாததோடு சார்ஜும் போய்விடும். ஆல்டர்னேட்டரிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 1 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் அந்த நஷ்டம் வராது.

வயருக்கு 0.75 அல்லது 1 சதுர மில்லிமீட்டர் போதும். பின் என்ஜின் வேன்களில் நீளம் 4, 5 மீட்டர் போகும். ஸ்டார்ட்டர் வயருக்கும் குளோ பிளக் வயருக்கும் ஒட்டியே ஓட்டாதீர்கள். கவச வயர் போட்டால் கவசத்தை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். என்ஜின் பக்கம் ஒரு சுருள் தளர்வு விடுங்கள். இழுத்துக் கட்டிய வயர் லக் அருகேதான் அறும்.

மீட்டருக்கான மின்சாரத்தை வீட்டு பேட்டரியிலிருந்து எடுப்பதும் அடிக்கடி நடக்கும் தவறு. வண்டி நின்ற பிறகும் மீட்டர் விழித்திருந்து பேட்டரியைக் குடிக்கும். சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் லைனில் எடுங்கள். ஐரோப்பிய வண்டிகளில் அது 15 எண் முனை. எர்த் 31, மீட்டர் விளக்குக்கு 58.

அளவு திருத்தும் இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். ஆல்டர்னேட்டரில் 12 காந்த முனை (போல்), அதாவது 6 ஜோடி. கிராங்க் புல்லி 150 மி.மீ., ஆல்டர்னேட்டர் புல்லி 60 மி.மீ. என்றால் விகிதம் 2.5. ஆறை 2.5 ஆல் பெருக்கினால் என்ஜினின் ஒரு சுற்றுக்கு 15 துடிப்பு. 800 ஆர்பிஎம்மில் நொடிக்கு 200, 3000-இல் நொடிக்கு 750. புல்லியின் வெளி விளிம்பை அளந்து இந்தக் கணக்கைப் போட்டால் சற்றுப் பிசகும், ஏனென்றால் வி-பெல்ட் விளிம்புக்குக் கீழே இறங்கி ஓடுகிறது. கணக்கைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, கிராங்க் புல்லியில் பளபளக்கும் டேப் ஒட்டி ஒளி டாக்கோமீட்டரால் சரிபாருங்கள். என்ஜின் சூடேறிய பிறகு, ஐட்லிங்கில் ஒருமுறை, 2500-இல் ஒருமுறை. ட்யூப் லைட் வெளிச்சத்தில் வேண்டாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும், கருவி அதையே எண்ணி 6000 என்று அசையாமல் காட்டும்.

வீட்டு பேட்டரிக்காகப் பிறகு பெரிய ஆல்டர்னேட்டர் மாற்றுகிறவர்கள் மீட்டரை மறந்துவிடுகிறார்கள். புதியதில் 16 காந்த முனையும் 50 மி.மீ. புல்லியும் இருந்தால் ஒரு சுற்றுக்கு 24 துடிப்பு. 2000-இல் ஓடும் என்ஜினை மீட்டர் 3200 என்று சொல்லும். ஆல்டர்னேட்டரோ புல்லியோ மாறினால் அளவு திருத்தமும் மறுபடி செய்தாக வேண்டும்.

முள் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்து மீட்டரை மாற்ற ஓடாதீர்கள். ஸ்டார்ட் செய்ததும் சுழியத்திலேயே கிடந்து, ஒருமுறை ஆக்சிலரேட்டர் கொடுத்த பிறகே எழுந்தால், சார்ஜ் விளக்கின் பல்பைப் பாருங்கள். பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டரை எழுப்பும் மின்சாரம் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. இரவெல்லாம் இறங்கிய வீட்டு பேட்டரியோடு கிளம்பும்போது, என்ஜின் சத்தம் மாறாமல் முள் மட்டும் தொய்ந்தால், அங்கே நழுவுவது பெல்ட்.