போகிக்கு ஒதுக்கிய பொருள்களில் ஒரு திண்ணையும் தோட்டமும்

மார்கழி பிறந்ததும் பரணிலிருந்தும் கொல்லைப்புறத்திலிருந்தும் இறங்கி வருகிற பழைய பொருள்களைப் பெரும்பாலான வீடுகளில் மூன்றாகப் பிரிப்பார்கள்: பழைய இரும்புக் கடைக்குப் போவது ஒன்று, போகியன்று எரிப்பது ஒன்று, குப்பை வண்டியில் ஏற்றுவது மற்றொன்று. நான் நான்காவதாக ஒரு குவியல் சேர்க்கிறேன். நைந்துபோன துண்டுகள், அடி ஓட்டையான அண்டா, ஒரு படி உடைந்த மர ஏணி, தரை போட்டபோது மிஞ்சிய டைல்ஸ் சில்லுகள், எண்ணெய் டின்கள், இப்போது யாரும் மாவு அரைக்காத ஆட்டுக்கல் ஆகியவை அதில் சேரும். எங்கள் வீட்டு வாசலில் இருபுறமும் திண்ணையும், அதற்கு முன்னால் பத்தடிக்கு இருபதடி அளவில் மண்தரையும் உண்டு. அந்த இடத்தைப் பொங்கலுக்குள் பார்க்கத் தகுந்ததாக ஆக்குவதற்குக் கடையில் வாங்க வேண்டியவை கிளிஞ்சல் சுண்ணாம்பு, காவிப்பொடி, சில்லறையாகச் சில கிலோ சிமென்ட், கொஞ்சம் வெள்ளை சிமென்ட், சவுக்குக் கழி, தேங்காய் நார்க் கயிறு ஆகியவை மட்டுமே.

வேலையின் வரிசையை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். செடிக்குச்சிகள் வேர்பிடிக்க மூன்று நான்கு வாரங்கள் ஆகும் என்பதால் அவற்றை முதல் நாளே நட்டுவிட வேண்டும். சிமென்ட் வேலைகள் இறுகுவதற்கு நாள் வேண்டும் என்பதால் அவை முதல் வாரத்தில் முடிய வேண்டும். வடகிழக்குப் பருவமழை நன்றாக ஓய்ந்து சுவர் உலர்ந்த பிறகே சுண்ணாம்பு அடிக்க வேண்டும். இந்த வரிசை தவறினால் புதிதாக வெள்ளையடித்த சுவரில் சிமென்ட் தெறித்து, அதே வேலையை இருமுறை செய்ய நேரும்.

சுவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் மற்ற அலங்காரங்கள் அனைத்தும் சுவரை நம்பியே நிற்கின்றன. அழுக்கடைந்த சுவருக்கு முன்னால் எத்தனை தொட்டிகளை அடுக்கினாலும் இடம் தெளிவதில்லை. வெறும் வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒற்றைச் செம்பருத்திச் செடியே போதும். மண் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, சிமென்ட் பூச்சு ஆகியவற்றின்மீது சுண்ணாம்பு நன்றாகப் பிடிக்கும். ஏற்கெனவே எமல்ஷன் அல்லது எனாமல் பெயின்ட் அடித்த சுவரில் அது ஒட்டாது, சில வாரங்களில் ஏடு ஏடாக உரிந்துவிடும். அத்தகைய சுவரைக் கழுவி விட்டுவிடுவதே நல்லது.

ஒரு கிலோ சுட்ட கிளிஞ்சல் சுண்ணாம்புக்கு நான்கு லிட்டர் தண்ணீர் என்ற அளவில் ஓர் இரும்பு வாளியில் தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். நீறும்போது அது கொதித்துப் பொங்கும் என்பதால் மெல்லிய பிளாஸ்டிக் வாளியைப் பயன்படுத்தக் கூடாது. குழந்தைகளையும் அருகில் விடக் கூடாது. ஓர் இரவு முழுவதும் ஊறியபின் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, வடித்த கஞ்சி ஒரு லிட்டர், ஒரு கைப்பிடி உப்பு, ஒரு சிட்டிகை நீலம் சேர்த்துப் பாலைப் போல நீர்க்கக் கரைத்துக்கொள்ள வேண்டும். கஞ்சி, சுண்ணாம்பு கையில் ஒட்டாமல் சுவரில் ஒட்டுவதற்கு உதவுகிறது. நீலம் மஞ்சள் சாயலைப் போக்குகிறது. தூரிகைக்குக் கூடக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. பனை மட்டையின் ஒரு முனையை ஊறவைத்து நசுக்கினால் நார் பிரிந்து, கடைத் தூரிகையைவிட அதிகமாகச் சுண்ணாம்பை உறிஞ்சிக்கொள்ளும்.

சுவரை முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு மெல்லியதாக அடிக்க வேண்டும். அடிக்கும்போது சுவரில் ஒன்றுமே படியாதது போலத் தோன்றும். அதைப் பார்த்து மனம் தளர்ந்து கெட்டியாக அடித்துவிடுவதுதான் பலரும் செய்கிற தவறு. சுண்ணாம்பு உலர உலரத்தான் வெளுக்கும், பின்னர் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்லக் கல்லாக இறுகும். ஒரு நாள் இடைவெளி விட்டு மூன்று மெல்லிய பூச்சுகள் கொடுத்தால், விரலால் தேய்த்தாலும் அவ்வளவாக ஒட்டாத வெண்மை கிடைக்கும். கைகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வதும் கண்ணாடி அணிந்துகொள்வதும் கட்டாயம். கண்ணில் தெறித்துவிட்டால் தேய்க்காமல், கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

வெள்ளை உலர்ந்தபின் திண்ணையின் கீழ்ப்பகுதியில் ஒரு முழ உயரத்துக்குக் காவிப் பட்டை அடிப்பது நம் ஊர்களின் பழைய வழக்கம். கூரையிலிருந்து விழும் மழைநீர் தரையில் பட்டுத் தெறிக்கும் செம்மண் கறை அந்த உயரத்துக்குத்தான் ஏறும். காவியில் அது தெரியாது. காவிப்பொடி இரும்பின் துரு வகையைச் சேர்ந்த நிறம் என்பதால் சுண்ணாம்பின் காரம் அதை வெளுக்கச் செய்வதில்லை. கோயில் மதிலில் காண்பது போன்ற செங்குத்துக் கோடுகளை விரும்புகிறவர்கள், ஒரு நூலைக் காவிக் கரைசலில் நனைத்து, இருவர் இருபுறமும் இழுத்துப் பிடித்துச் சுவரில் சுண்டிவிட்டால், கொத்தனார் அடிப்பது போலவே நேர்க்கோடு விழும். அந்தக் கோடுகளுக்கு இடையில் நிரப்பிக்கொண்டே போகலாம்.

அடுத்து, பழைய துண்டுகளில் தொட்டி செய்வது. இது எளிய வேலை, ஆனால் பொறுமை வேண்டும். சலித்த மணல் ஒரு பங்கு, சிமென்ட் இரண்டு பங்கு எடுத்து, இட்லி மாவைவிடச் சற்று இளக்கமாகக் கரைத்துக்கொள்ள வேண்டும். சதுரமாக வெட்டிய குளியல் துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அந்தக் கரைசலில் முக்கிக் கைகளால் நன்றாகப் பிசைய வேண்டும். இதற்குக் கையுறை இல்லாமல் இறங்கக் கூடாது. பாலித்தீன் உறை சுற்றிக் கவிழ்த்து வைத்த வாளியின்மீது துண்டை விரித்தால், நான்கு முனைகளும் புடவைக் கொசுவம் போல மடிந்து தொங்கும். அந்த மடிப்புகளை விரலால் சரிசெய்து, ஆறேழு மணி நேரம் கழித்து அடிப்பாகத்தில் தடித்த ஆணியால் மூன்று துளைகள் இட்டு, மேலே ஈரச் சாக்கைப் போர்த்தி நிழலில் இரண்டு நாள் விட்டுவிட வேண்டும்.

நான் முதன்முதலில் செய்த தொட்டியைச் சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைத்து மறுநாள் காலையிலேயே கழற்றினேன். கையோடு இரண்டாகப் பிளந்துவிட்டது. சிமென்ட் காய்வதால் இறுகுவதில்லை, தண்ணீருடன் சேர்ந்து மாறுவதால் இறுகுகிறது. ஆகவே அதன் ஈரத்தை வெயில் குடித்துவிட்டால் வலிமை வராது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். இரண்டாம் நாள் கழற்றிய பிறகு உள்ளும் புறமும் இன்னொரு பூச்சுக் கொடுத்து, ஏழு நாள் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி வர வேண்டும். அந்தத் தண்ணீர் சிமென்டின் காரத்தையும் ஓரளவு கழுவிக்கொண்டு போகும். உடனே செடி வைத்தால் இலை நுனி கருகும்.

உடைந்த டைல்ஸ் சில்லுகளுக்கு வருவோம். 1957 வாக்கில் சண்டிகரில் சாலை ஆய்வாளராகப் பணியாற்றிய நேக் சந்த் என்பவர், இடித்த கட்டடங்களிலிருந்து கிடைத்த பீங்கான் துண்டுகளையும் உடைந்த வளையல்களையும் சேர்த்து யாருக்கும் தெரியாமல் ஒரு தோட்டத்தை உருவாக்கத் தொடங்கினார். 1976-இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. அந்தப் பாறைத் தோட்டத்தின் படங்களைப் பார்த்த பிறகு சில்லு எதையும் எறிவதற்கு எனக்குக் கை வருவதில்லை. சில்லுகளைச் சாக்கில் சுற்றிச் சுத்தியலால் தட்டி, இரண்டு விரல் அகலத் துண்டுகளாக்கி, வாசல் படியின் நிற்கும் முகத்தில் சிமென்ட் பூசி நெருக்கமாகப் பதித்து, மறுநாள் இடுக்குகளை வெள்ளை சிமென்டால் நிரப்பி ஈரத்துணியால் துடைக்க வேண்டும். படியின் மிதிபடும் பரப்பில் ஒருபோதும் பதிக்கக் கூடாது. வெறுங்காலுடன் ஏறி இறங்குகிற நம் வாசலில் ஒரு கூரிய விளிம்பு போதும் காலைக் கிழிக்க. மழையில் வழுக்கவும் செய்யும். நிறங்களை அளவாகச் சேர்ப்பது என் விருப்பம்: நீலமும் வெள்ளையும் மட்டும், அல்லது கருஞ்சிவப்பும் மஞ்சளும் மட்டும்.

மர ஏணியைச் சுவரில் சாய்த்து அதன் படிகளில் சிறு தொட்டிகளை அடுக்கலாம். கால்கள் மண்ணைத் தொடாமல் செங்கல்மேல் நிற்க வேண்டும், இல்லையேல் கரையான் ஏறும். எண்ணெய் டின்களுக்குச் செந்நிற ரெட் ஆக்ஸைடு பூசினால் துரு தாமதமாகும். கொட்டாங்கச்சியில் செடி தொங்கவிட விரும்புகிறவர்கள் கண் உள்ள பாதியையே எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று கண்களில் ஒன்று மென்மையானது; தேங்காய் முளைப்பது அதன் வழியாகத்தான். அதில் ஆணியை அழுத்தினால் துளையிடும் கருவி இல்லாமலேயே நீர் வடியும் வழி கிடைத்துவிடும். அவ்வளவு சிறிய இடத்தில் பத்துமணிப் பூ தவிர வேறெதுவும் நெடுநாள் நிற்பதில்லை.

துளையைப் பற்றி இத்தனை முறை சொல்வதற்குக் காரணம் உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து கொட்டாங்கச்சியையும் பழைய டயரையும் கவிழ்த்துவிட்டுப் போவது அதனால்தான். நாம் அழகுக்காக வைக்கும் பொருளே அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் காய்ச்சலைக் கொண்டுவருமானால் அதைவிட வருத்தம் வேறில்லை. டயரைத் தோட்டத்தில் வைப்பதை நான் முற்றிலும் தவிர்க்கிறேன், எத்தனை துளை இட்டாலும் அதன் உள்வளைவில் தண்ணீர் நிற்கும்.

செடிகளுக்காக நாற்றுப் பண்ணைக்குப் போக வேண்டிய அவசியம் அநேகமாக இல்லை. செம்பருத்தி, நந்தியாவட்டை, காகிதப்பூ ஆகியவற்றில் பென்சில் தடிமனுள்ள முற்றிய குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கணுவுக்குக் கீழே சாய்வாக நறுக்கி, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்கும்படி நிழலில் நட வேண்டும். அந்திமந்தாரை, சங்குப்பூ, காசித்தும்பை, நித்தியகல்யாணி ஆகியவற்றின் விதை தெருவில் எந்த வீட்டில் கேட்டாலும் கிடைக்கும். கேட்கும்போது நம்மிடம் உள்ள ஒன்றைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு போவது முறை. செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு கலந்த மண் எல்லாத் தொட்டிகளுக்கும் பொருந்தும். நார்க்கழிவை இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும், அதில் உப்பு இருக்கும்.

மேற்கு வெயில் படும் திண்ணைக்கு முன்னால் நான்கு சவுக்குக் கழிகளை ஊன்றி, நார்க் கயிற்றைக் கட்டம் கட்டமாகக் கட்டிச் சங்குப்பூக் கொடியை ஏற்றினால், இரண்டு மூன்று மாதத்தில் நீலப்பூக்கள் நிறைந்த திரை உருவாகும். மூங்கில் தட்டி வாங்குகிற செலவு மிச்சம் என்பதோடு, மாலை வேளையில் திண்ணையில் உட்காரவும் முடியும்.

ஆட்டுக்கல்லைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அதை ஒருமுறை வைத்துவிட்டால் நகர்த்துவது கடினம். கோலம் போடும் இடத்துக்கும் நடைபாதைக்கும் இடையூறு இல்லாத மூலையில், காகிதப்பூவின் நிழலில் அதைப் பதித்து, அதன் குழியில் பறவைகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தென்னந்துடைப்பக் குச்சிக் கட்டால் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டும். அதற்கு நேரம் இல்லாதவர்கள் குழியில் மண் நிரப்பித் துளசி வைப்பது நலம். உரல் பெரியதாக இருந்து அதில் அல்லி வளர்க்க விரும்பினால், கொசுப்புழுவைத் தின்னும் கப்பி மீன் நான்கைந்து விட வேண்டும். போகிக்கு முந்தின நாள் மாலை வாசலைச் சாணமிட்டு மெழுகி, காவியைத் துணித்துண்டில் தோய்த்துக் கோலத்தின் ஓரத்தை இழுத்து முடிப்பதற்குள், மணைப்பலகையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் மாமியார், சிட்டுக்குருவி ஒன்று ஆட்டுக்கல்லில் இறங்கியதாக உள்ளே குரல் கொடுப்பார்.