வினாத்தாள் தயாரிக்கிறீர்களா? பிழையான விடையில் இருந்து தொடங்குங்கள்

தவணைப் பரீட்சை நெருங்கியதும் நம்மில் பலர் செய்வது இதுதான்: பழைய வினாத்தாள் நாலைந்தை விரித்து வைத்து, அங்கொன்று இங்கொன்றாகப் பொறுக்கி, இலக்கத்தை மட்டும் மாற்றி போட்டோகொப்பிக்குக் கொடுத்துவிடுவது. அதே வினாக்களை ரியூசனில் செய்து பழகின பிள்ளை தொண்ணூறு எடுக்கும். ஆனால் வகுப்பில் நீங்கள் படிப்பித்தது விளங்கியதா என்று அந்தத் தொண்ணூறை வைத்துச் சொல்ல முடியாது.

பல்தேர்வு வினாவில் சரியான விடையை எழுதுவது சுகம். உண்மையான வேலை மற்ற மூன்றிலும்தான் இருக்கிறது. ½ + ⅓ எவ்வளவு என்று கேட்கிறீர்கள், விடை 5/6. மற்ற மூன்றுக்கும் வாயில் வந்த எண்களைப் போடாமல் பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பியைத் திறந்து பாருங்கள். தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டுகிற பிள்ளைக்கு 2/5 வரும், பொதுப் பகுதியைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு தொகுதிகளை மாற்ற மறந்த பிள்ளைக்கு 2/6, கூட்டலையும் பெருக்கலையும் குழப்பிக்கொள்கிற பிள்ளைக்கு 1/6. இப்போது பிழை விட்ட பிள்ளையின் விடைத்தாளே, நாளைக்கு அதற்கு எதைத் திரும்பப் படிப்பிக்க வேண்டும் என்று சொல்லிவிடும். 17/4 மாதிரி யாரும் தொடாத விடை ஒன்றைப் போட்டால் அந்த இடம் வீண், பிள்ளை மூன்றில் ஒன்றை ஊகித்தால் போதும். நாற்பது வினா, நான்கு தெரிவு என்றால், ஒன்றும் படிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு கீறினாலே சராசரியாகப் பத்துச் சரிவரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது, சரியான விடை உண்மையிலேயே ஒன்றுதானா என்று பாருங்கள். 'திருகோணமலைக்கு அதிக மழை தருவது எது?' என்று கேட்டு, வடகீழ்ப் பருவக்காற்று, தென்மேற் பருவக்காற்று, முதலாம் இடைப்பருவம், இரண்டாம் இடைப்பருவம் என்று நான்கு தெரிவுகள் கொடுத்து, விடை வடகீழ்ப் பருவக்காற்று என்று வைத்தால் பார்வைக்கு நல்ல வினாவாகத்தான் இருக்கும். ஆனால் இங்கே கொட்டுகிற மழையில் நல்ல பங்கு ஒக்டோபர், நவம்பரில் வருவது, அந்த இரண்டு மாதமும் பாடத்தின்படி இரண்டாம் இடைப்பருவம். யோசித்துப் பார்த்து அதைத் தெரிவு செய்கிற கெட்டிக்காரப் பிள்ளைக்குப் புள்ளி போகும், மனப்பாடம் செய்த பிள்ளைக்குக் கிடைக்கும். 'டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை' என்று மாதத்தை வினாவிலேயே போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

தமிழில் எழுதும்போது இலக்கணமே விடையைக் காட்டிக்கொடுக்கும். 'பின்வருவனவற்றுள் எவை' என்று கேட்டுவிட்டு ஒரே ஒரு தெரிவை மட்டும் பன்மையில் வைத்தால் பாடம் தெரியாத பிள்ளையும் அதைத்தான் கீறும். சரியான விடையை மட்டும் நீட்டி முழக்கி எழுதுவதும் அப்படித்தான். 'அல்லாதது எது' வகை வினாக்களைக் குறையுங்கள், தவிர்க்க முடியாவிட்டால் 'அல்லாதது' என்ற சொல்லுக்குக் கீழே தடித்த கோடு போடுங்கள். 'மேற்கூறிய யாவும்' வேண்டவே வேண்டாம், இரண்டு சரி என்று தெரிந்தாலே அந்த விடை கைக்கு வந்துவிடும்.

(i), (ii) என்று பகுதி பகுதியாகக் கேட்கிற அமைப்புக் கட்டுரை வினாவுக்கு நம்மூரே போதும். 'கடல்நீரிலிருந்து உப்பைப் பெறும் முறை யாது?' என்பது வெறும் நினைவாற்றல். 'நிலாவெளி உப்பளத்தில் மார்கழி மாதம் உப்பு எடுப்பது ஏன் கடினம்? இரண்டு காரணங்கள் தருக (4 புள்ளிகள்)' என்றால், மழைநீர் கலந்து செறிவு குறைவதையும் ஈரப்பதன் கூடி ஆவியாதல் மந்தமாவதையும் பிள்ளை தானே யோசித்து எழுத வேண்டும். 'உப்பு படிந்தபின் மிஞ்சுகிற நீரையும் வற்றவிட்டால் உப்பு கசப்பது ஏன்?' என்று அடுத்த பகுதியில் கேட்டால் மக்னீசியம் உப்புகள் வரை போகலாம். ஒன்று கவனம், (i) பிழைத்தால் (ii), (iii) எல்லாம் பிழைக்கிற மாதிரிக் கோர்க்காதீர்கள், ஒரே தவறுக்கு மூன்று தரம் தண்டனை கொடுப்பது நியாயமில்லை. 'உப்பளம் பற்றி எழுதுக' என்பது ஒரு வினாவே இல்லை. புள்ளித் திட்டத்தை வினாவோடு சேர்த்து அன்றைக்கே எழுதிவிடுங்கள், எழுத வரவில்லை என்றால் வினாவில்தான் கோளாறு.

திருத்தி முடித்ததும் விடைத்தாள் கட்டை மூடி வைக்காதீர்கள். முப்பது பிள்ளைகள் என்றால் கூடிய புள்ளி எடுத்த பத்துப் பேரின் விடைத்தாளையும் குறைந்த பத்துப் பேரின் விடைத்தாளையும் பிரித்து, ஒவ்வொரு வினாவுக்கும் எத்தனை பேர் சரி என்று எண்ணுங்கள். ஒரு வினாவில் கீழ்ப் பத்து மேல்ப் பத்தை விட நன்றாகச் செய்திருந்தால், முதலில் உங்கள் விடைக் குறிப்பைப் பாருங்கள், அது சரியென்றால் வினாவின் வசனத்தைப் பாருங்கள். இருபது பேரில் ஒருவரும் தொடாத தெரிவை வெட்டி, அந்த இடத்துக்குக் கொப்பியில் கண்ட இன்னொரு பிழையைப் போட்டு, அடுத்த வருடத்துக்கு எடுத்து வையுங்கள்.