மின்வெட்டுக்குப் பிறகு மட்டும் இணையம் வராத கணினி

எங்கள் அலுவலகத்தின் இணைய நுழைவாயிலாக (கேட்வே) ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் ஓடும் பழைய கணினி ஒன்று நிற்கிறது. வெளி இணைப்பு பிபிபிஓஇ (பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் முறை). எம்பிடி5 என்ற நிரல் அதை ஏற்படுத்தியதும் என்ஜி0 என்ற பிணைய இடைமுகம் பிறக்கும். பயர்வாலும், உள்ளே உள்ள கணினிகளை ஒரே வெளி முகவரியில் இணையத்துக்கு அனுப்பும் முகவரி மாற்றமும் (நாட்) பிஎஃப் என்ற வடிகட்டியின் பொறுப்பு.

மின்சாரம் போய் வந்தால் உள்ளே யாருக்கும் இணையம் இருக்காது. வாயில் கணினியிலிருந்து பிங் போகும். விதிகளை மறுபடி ஏற்றும் 'சர்வீஸ் பிஎஃப் ரீலோட்' கொடுத்தால் எல்லாம் சரியாகும். மாதக்கணக்கில் அப்படியே ஓட்டினோம். அது பெரிய தவறு. ஏன் என்று சொல்கிறேன்.

உங்களுக்கும் இப்படி நடந்தால், ரீலோட் கொடுப்பதற்கு முன், பிஎஃப்பின் நிலையைக் காட்டும் 'பிஎஃப்சிடிஎல் -எஸ் இன்ஃபோ' கட்டளையைக் கொடுங்கள். எங்களுக்கு 'எனேபிள்டு' என்றே வந்தது. அதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். '-எஸ் ரூல்ஸ்', '-எஸ் நாட்' இரண்டையும் பாருங்கள். எங்களுக்கு இரண்டுமே வெறுமை. பிஎஃப் இயங்குகிறது, ஆனால் ஒரு விதிகூட ஏறவில்லை. விதி இல்லாவிட்டால் பிஎஃப் எல்லாவற்றையும் அனுமதிக்கும். அதாவது அத்தனை நேரமும் தொலைவிலிருந்து உள்நுழையும் எங்கள் எஸ்எஸ்எச் கதவு உலகத்துக்கே திறந்து கிடந்தது!

காரணம் 'டிமெசேஜ் -ஏ' காட்டும் தொடக்கச் செய்திகளில் இருந்தது: என்ஜி0க்கு ஐபி முகவரி இல்லை என்ற ஒரு வரி. பிஎஃப் முதலில் எழுகிறது; எம்பிடி5 பின்னால்தான் வருகிறது. உள் முகவரிகளை என்ஜி0வின் முகவரியாக மாற்றச் சொல்லி விதிக்கோப்பில் நாங்கள் எழுதியிருந்தது இது:

நாட் ஆன் என்ஜி0 ஃப்ரம் 192.168.10.0/24 டு எனி -> என்ஜி0

கடைசியில் வரும் பெயரை, கோப்பை ஏற்றும் கணத்திலேயே பிஎஃப்சிடிஎல் முகவரியாக மாற்றப் பார்க்கும். அப்போது முகவரி இல்லாததால் முழுக் கோப்பையும் நிராகரித்துவிடும். பிறகு நீங்கள் கோப்பை ஏற்றாமல் சரிபார்க்க மட்டும் '-என்எஃப்' கொடுத்துச் சோதித்தால் பிழையே வராது, ஏனென்றால் இப்போது முகவரி வந்துவிட்டது. எங்களை இத்தனை நாள் ஏமாற்றியது இதுதான்.

தீர்வு இரண்டு அடைப்புக்குறிகள்: '-> (என்ஜி0)'. இப்படி எழுதினால் முகவரியை ஓடும்போதே பிஎஃப் பார்த்துக்கொள்ளும். இணைப்பு அறுந்து புது முகவரி வந்தாலும் கவலையில்லை. வடிகட்டும் விதிகளில் 'டு என்ஜி0' என்று இருந்தால் அங்கேயும் இதையே செய்யுங்கள். விதிகளில் டொமைன் பெயர் இருந்தால் எண்ணாக மாற்றிவிடுங்கள். கணினி எழும் அந்த நேரத்தில், பெயரை எண்ணாக்கும் டிஎன்எஸ் கிடைக்காது.

விதிகள் சரியாக ஏறியும் இணையம் வரவில்லையென்றால், ஒரு பக்கம் வரும் தரவை மறுபக்கம் கடத்த அனுமதிக்கும் 'நெட்.ஐநெட்.ஐபி.ஃபார்வர்டிங்' மதிப்பு 1 ஆக இருக்கிறதா என்று சிஸ்கன்ட்ரோல் கட்டளையில் பாருங்கள். 0 என்றால் தொடக்க அமைப்புகள் உள்ள ஆர்சி.கான்ஃப் கோப்பில் 'கேட்வே_எனேபிள்' வரியைச் சேருங்கள்.

பிறகு ரீலோட் செய்து திருப்திப்படாதீர்கள். விசைப்பலகையைக் கணினியில் செருகி, எதிரே உட்கார்ந்து மறுதொடக்கம் செய்யுங்கள். எழுந்ததும் '-எஸ் நாட்' கொடுங்கள். வரியின் கடைசியில் '(என்ஜி0) ரவுண்ட்-ராபின்' என்று தெரிந்தால் முகவரி மாற்ற விதி ஏறிவிட்டது.