தலைக்குக் குளிக்கும் முன்பே தேங்காய் எண்ணெய்

தேங்காய் எண்ணெயைத் தலைக்குக் குளித்த பிறகு தடவுவதைவிட, குளிக்கும் முன் தடவுவதுதான் முடிக்கு நல்லது. இதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். அது முடிக்குள்ளேயே இறங்கி, அலசும்போது புரதம் போவதைக் குறைக்கிறது. முந்தின இரவே நுனிவரை தேய்த்து, தளரப் பின்னிவிட்டுப் படுங்கள்.

மார்கழியில் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்திருந்தால் பயப்பட வேண்டாம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறையத்தான் செய்யும். அடுப்பில் காட்டாமல் வெந்நீர்ச் சொம்புக்குள் நிறுத்தினாலே உருகிவிடும்.

கலப்படமோ என்று சந்தேகமா? கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். நல்ல எண்ணெய் முழுவதும் உறையும். வேறு எண்ணெய் கலந்திருந்தால் அது உறையாமல் தனி அடுக்காக நிற்கும்.

அப்புறம், தீக்காயத்தில் மட்டும் இதைத் தடவாதீர்கள். உடனே குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள்.